நாற்பது அடிக் கல்

ஜனவரி 6, சனி

மஸ்கட் விமான நிலையத்தில் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கல்லைப் படம் எடுக்க என்றேன். கவுண்டரில் இருந்த இளைஞன் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், என் நரைத்த தலையைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினான். நாகர்கோவிலில் முப்பத்தெட்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட் சைஸ் என்று எத்தனையோ எடுத்தாயிற்று. கல்லுக்கு முன்னால் கேமராவைத் தூக்கியதில்லை. ஆனாலும் நான் சொன்னது பொய்யில்லை.

வெளியே சதக் நின்றிருந்தான். என் மகன் ஜெபினோடு ஒரே அறையில் இருந்த கீழக்கரைப் பையன். போனில் பேசிப் பேசிக் குரல் பழக்கம், முகம் இன்றைக்குத்தான். "வாங்க அங்கிள்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். கேமராப் பையை நான் கொடுக்கவில்லை.

வீட்டில் ரோஸ்லெட்டைப் போனில் கூப்பிட்டேன். "சாப்பிட்டியளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். விமானத்தில் கொடுத்ததைச் சாப்பாடு என்று சொல்லலாமென்றால் சாப்பிட்டேன்தான்.

ஜனவரி 7, ஞாயிறு

நாள் முழுக்க வண்டிப் பயணம். ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைப் பார்க்கவும் கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடுகிறது. சாயங்காலம் ஒரு சின்ன ஊருக்கு வந்து, சாப்பாட்டுக் கடையின் மாடியில் அறை எடுத்தோம். சதக் இரண்டு வாரம் லீவு போட்டிருக்கிறான்.

இந்த டைரி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது. யார் வாசிக்கப்போகிறார்கள்? இருந்தாலும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

ஜெபின் எங்களுக்கு ஒரே பிள்ளை. மஸ்கட்டில் வேலை. லீவு கிடைத்தால் பாலைவனத்துக்குப் போய்க் கற்களைப் படம் எடுப்பான். காற்றும் மணலும் அரித்து அரித்துக் காளான் மாதிரியும் வாசல் வளைவு மாதிரியும் ஆன கற்கள். எடுத்த கையோடு எனக்கு அனுப்புவான். "ஏலே, கல்லுக்கு எதுக்குலே போட்டோ? அதுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேட்பேன். "கல்லு கண்ண மூடாதுப்பா, ஒரே டேக்குல முடிஞ்சிரும்" என்பான். தொழில்காரன் மகனில்லையா, வாயும் தொழிலைத்தான் பேசும்.

போன ஜூன் மாதம் தனியாகப் போனான். வண்டி மணலில் புதைந்து நின்றது கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. போலீஸார் எவ்வளவோ தேடினார்கள், ஹெலிகாப்டர்கூட விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காகிதத்தில் 'காணவில்லை' என்று இருக்கிறது. நானும் அந்த வார்த்தையைத்தான் சொல்லி வருகிறேன்.

அவன் காணாமல் போனது தெரியாத ஒரு காலையில் என் போனுக்கு ஒரு படம் வந்து விழுந்தது. எங்கோ ஒரு நொடி சிக்னல் கிடைத்துக் கிளம்பிய படம். காளான் மாதிரி ஒரு கல், பின்னால் வானம். வார்த்தை ஒன்றும் இல்லை. வழக்கம்போல் இன்னொரு கல் என்று நினைத்து, "கல் நல்லா இருக்கு. சாப்டியா?" என்று பதில் போட்டேன். அதற்கு ஒரு டிக்தான் விழுந்தது. இன்றைக்கும் ஒரு டிக்தான்.

ஜனவரி 8, திங்கள்

கண்டுபிடிக்க வேண்டியது அந்தக் கல்லைத்தான். அது நிற்கும் இடத்தில்தான் அவன் கடைசியாக இருந்தான்.

அதன் உயரத்தை நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். படம் எடுக்கிறவனுக்குத் தெரிந்த எளிய கணக்கு. சமதரையில் எடுத்த படத்தில், தரையும் வானமும் சேரும் கோடு ஒரு பொருளை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, அதுதான் கேமரா இருந்த உயரம். ஜெபின் நின்று போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் ஐந்தடி. அந்தப் படத்தில் கோடு கல்லை எட்டில் ஒரு பங்கில் வெட்டுகிறது. ஆகவே கல் நாற்பதடி. போலீஸ் அதிகாரி சதக் மூலமாக எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார். நாற்பதடிக் கல்லைத்தான் எல்லோரும் தேடினார்கள். அக்கம்பக்கத்தில் இருந்ததையெல்லாம் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை.

இன்னும் தூரத்தில் இருக்கும் உயரமான கற்களைச் சதக் இத்தனை மாதமாக விசாரித்து வைத்திருக்கிறான். தினம் ஒன்றிரண்டாகப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 9, செவ்வாய்

முதல் கல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெண்வீட்டுப் பெரியப்பா மாதிரி, யார் வந்தால் எனக்கென்ன என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நான்கு பக்கமும் சுற்றி எடுத்தேன். பகல் வெயில் ஜனவரியிலும் கண்ணைக் குத்துகிறது. ஜூனில் எப்படி இருந்திருக்கும் என்று சதக்கிடம் கேட்கவில்லை.

அறைக்கு வந்ததும் படங்களை ரோஸ்லெட்டுக்கு அனுப்பினேன். ஜெபின் அனுப்பிய படத்தைக் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கி ஹாலில் மாட்டி வைத்திருக்கிறாள். அந்தக் கல்லின் ஒவ்வொரு மருவும் அவளுக்குத் தெரியும்.

"இஞ்ச பாருங்க, இது அது இல்ல" என்றாள். "அதுக்குக் கழுத்துல வெள்ளக் கோடு உண்டு. இடது பக்கம் ஒரு பொத்தலும் உண்டு."

"செரி."

"இதுக்கு நிழல் உண்டா?"

"உண்டு. ஒரு லாரியே நிப்பாட்டலாம்."

"அப்ப அதுக்கும் இருக்கும்லா. அவ்வளவு பெரிய கல்லு. நட்ட மத்தியானமும் பிள்ள வெயிலு கொள்ளாம இருந்திருப்பான்."

இருந்திருப்பான் என்றேன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஏழு மாதமாகத் தூங்குகிறாள்.

ஜனவரி 10, புதன்

இரண்டு கல். இரண்டும் இல்லை.

ஜனவரி 11, வியாழன்

போன இடத்தில் ஓர் ஒட்டகம் வந்து என் லென்ஸ் துடைக்கும் துணியைத் தின்றுவிட்டது. மெதுவாக, ருசித்துத் தின்றது. சதக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, இதை ஜெபினிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பான் என்று நினைத்துவிட்டேன்.

மதியம் சதக் தன் மகளின் படத்தைக் காட்டினான். பிறந்து பத்து மாதம், இன்னும் நேரில் பார்த்ததில்லை. யாரோ நின்றபடி மேலேயிருந்து எடுத்த படம். பிள்ளையின் தலை பூசணிக்காய் அளவுக்கு, கால் இருக்கிற இடமே தெரியவில்லை.

"இத எடுத்தவனுக்கு முதுகுல நாலு போடணும்" என்றேன். "பிள்ளைகள நின்னுக்கிட்டு எடுக்கப்படாதுப்பா. தரையில படுத்துரணும். அப்பத்தான் அதுக்கும் ஒரு ஆளு மாதிரி உயரம் வரும்."

"இந்த வயசுலயும் படுப்பீங்களா அங்கிள்?"

படுப்பேன். ஸ்டூடியோவில் பிள்ளைகளுக்கு எப்போதும் அப்படித்தான். எழுந்தால் சட்டையின் முன்பக்கமெல்லாம் தூசி. ரோஸ்லெட் கவுண்டரிலிருந்து வந்து, "வண்ணாத்தியக் கெட்டுன மாதிரிலா நெனப்பு, நாந்தானே துவைக்கணும்" என்று ஏசிக்கொண்டே பட்பட்டென்று தட்டிவிடுவாள். அந்தத் தூசியை வைத்தே அன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று சொல்லிவிடுவாள்.

ஜனவரி 12, வெள்ளி

சதக் ஜும்மா தொழுகைக்குப் போனான். நான் அறையில் உட்கார்ந்து கேமராவைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். ஒரு நினைவு ஆராதனை வைத்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். நல்ல மனிதர், நல்லதாகத்தான் சொன்னார். ரோஸ்லெட் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆளக் காணாம எதுக்கு அய்யா ஆராதனை? யாருக்கு மண்ணு போடுதது?" என்று கேட்டாள். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் சொன்னாள்: "நீங்க போங்க. இருந்தா கூட்டிட்டு வாங்க. இல்லன்னா இல்லன்னு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க. நடுவுல என்னால நிக்க முடியாது."

எனக்கும் முடியவில்லை. அவளிடம் அதைச் சொன்னதில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

சதக் குறித்து வைத்திருந்ததில் கடைசிக் கல்லையும் இன்று பார்த்தாயிற்று. கழுத்தில் வெள்ளைக் கோடு இல்லை. பொத்தலும் இல்லை. நான் அந்தக் கல்லைச் செருப்புக் காலால் உதைத்தேன். கால்தான் வலித்தது. சதக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், மரியாதை தெரிந்த பையன்.

இருபத்தொன்றாம் தேதி எனக்கு விமானம். ரோஸ்லெட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஜெபின் வண்டி நின்ன எடத்த நீங்க பாக்கலையே அங்கிள். போவோமா?" என்றான் சதக். முதல் நாளே கூட்டிப்போவதாகச் சொன்னான். நான்தான் அங்கே பெரிய கல் ஒன்றும் இல்லையே, போய் என்ன செய்ய என்று தட்டிக் கழித்துவந்தேன். சரி என்றேன்.

ஜனவரி 15, திங்கள்

வண்டி புதைந்த இடத்தில் இப்போது ஒரு தடமும் இல்லை. சதக் சொன்னதால் இடம் தெரிந்தது. சுற்றிலும் மட்டமான தரை. அங்கங்கே முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று சின்னச் சின்னக் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. படம் எடுக்க எதுவும் இல்லை. இருந்தும் எடுத்தேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சதக் வண்டிக்கு அந்தப் பக்கம் அடுப்பு மூட்டினான். நான் கொஞ்ச தூரம் நடந்தேன். தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்தேன், அப்படியே மணலில் ஒருக்களித்துப் படுத்தேன். காது தரையில் பட்டது. கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு மலை நின்றது. வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. தலையைத் தூக்கினேன். என் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல்.

திரும்பப் படுத்துப் பார்த்தேன். மலை. எழுந்து பார்த்தேன். கல்.

கோடு அதே இடத்தில்தான் வெட்டும். கேமரா ஐந்தடியில் இருந்தால் கல் நாற்பதடி. கேமரா தரையிலிருந்து அரையடியில் இருந்தால் கல் நாலடி. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பையன் நின்றுகொண்டு எடுத்தான் என்று நான் வைத்துக்கொண்டதுதான் தப்பு. என் பிள்ளை கேமராவைப் பிடித்தால் நின்றுதான் பிடித்திருப்பான் என்று நான் ஏன் நினைத்தேன்? நானே ஆயிரம் தடவை தரையில் படுத்தவன்.

அவன் படுத்துக்கொண்டு எடுத்திருக்கிறான்.

சதக் டீ கொண்டுவந்தான். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்தேன். பிறகு அவனிடம் சொன்னேன். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அப்ப இங்கதான் அங்கிள்... இங்க பக்கத்துலதான்" என்றான்.

அந்தப் படத்தை அவன் விலாசம் மாதிரி அனுப்பியிருக்கிறான். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியும் என்று நினைத்திருப்பான்.

ரோஸ்லெட் போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

காற்று. மணல் பறக்கிறது. வெளியே போக முடியவில்லை. இன்றும் போனை எடுக்கவில்லை. சதக்கை விட்டு, எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

ஜனவரி 17, புதன்

சின்னக் கற்களாகத் தேடினோம். நான் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் படுத்துப் பார்த்தேன். சதக் போனில் ஜெபினின் படத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். எழுவதற்கு அவன்தான் கைகொடுத்தான்.

வண்டி நின்ற இடத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். கழுத்தில் வெள்ளைக் கோடு. இடது பக்கம் ஒரு பொத்தல், எலுமிச்சம்பழம் நுழையும். படத்தில் அதைக் குகை என்று நினைத்திருந்தோம். கல் என் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. இந்த வழியாக எத்தனை வண்டிகள் நாற்பதடிக் கல்லைத் தேடிக்கொண்டு போயிருக்கும்.

கல்லின் அடியில் மணல் மேடாகக் குவிந்திருந்தது. சதக்தான் முதலில் பார்த்தான். "அங்கிள், அங்கேயே நில்லுங்க. வராதீங்க" என்றான். நான் போனேன். மணலுக்கு வெளியே சட்டைக் கை கொஞ்சம் தெரிந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. கிறிஸ்துமஸுக்கு ரோஸ்லெட் எடுத்துக் கொடுத்தது. நிறம் வெளுத்திருந்தது, ஆனால் அந்தக் கட்டம் எனக்குத் தெரியும்.

நான் மணலைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏலே மக்கா" என்றேன். சதக் போலீஸுக்கு விவரம் சொல்ல சிக்னல் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் வரும்வரை நானும் என் பிள்ளையும் இருந்தோம்.

போலீஸார் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மிக மெதுவாக, மரியாதையாகச் செய்தார்கள். அதிகாரி என் தோளில் கைவைத்து அரபியில் ஏதோ சொன்னார். வார்த்தை புரியவில்லை, புரிய வேண்டியது புரிந்தது.

ஜனவரி 18, வியாழன்

ஆஸ்பத்திரியில் என் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த பிறகு ஊருக்குக் கொண்டுபோகலாமாம். விமானத்தை மாற்ற வேண்டும்.

ரோஸ்லெட்டிடம் சொன்னேன். முழு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பாத்துட்டேன்" என்றேன். பிறகு, "கல்லு?" என்றாள்.

"கிடைச்சுது."

"அதப் படம் எடுத்து அனுப்புங்க. நான் பாக்கணும்."

"நாளைக்கு அனுப்புதேன்" என்றேன். அழுதாள். நானும் அழுதேன். இத்தனை மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது இன்றைக்குத்தான்.

ஜனவரி 19, வெள்ளி

காலையிலேயே போனோம். கல் தனியாக நின்றது. பத்து நிமிஷம் கேமராவைத் தொடவே இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நின்று எடுத்தால் அது என்னவோ அதுவாகத் தெரியும். சதக் பக்கத்தில் நின்றால் அவன் நெஞ்சுக்குக் கீழே தெரியும். அதன் குடை அளவுத் தலைக்குக் கீழே ஓர் ஆளின் தலை மட்டும்தான் போகும். மற்றதெல்லாம் வெயிலில். ஜூன் மாத மத்தியான வெயிலில். அந்தப் படத்தை நான் எப்படி அவளுக்கு அனுப்புவேன்?

ஜெபின் படம் எடுத்த இடம் கல்லுக்குப் பத்தடி முன்னால் இருக்கிறது. கோணத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். அவன் கிடந்தது கல்லின் அடியில். அந்தப் பத்தடியை அவன் எப்படிக் கடந்தான் என்பதை நான் எழுதப்போவதில்லை.

அந்த இடத்தில் குப்புறப் படுத்தேன். கேமராவைத் தரையிலிருந்து அரையடியில் பிடித்தேன். கோடு எட்டில் ஒரு பங்கில் வெட்டியது. கல் நாற்பதடிக்கு எழுந்து நின்றது. அவன் கடைசியாகப் பார்த்தது இதைத்தான். அவனுக்கும் இது பெரிய கல்லாகத்தான் தெரிந்திருக்கும், பெரிய நிழல் என்று நினைத்துத்தான் அதை நோக்கிப் போயிருப்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஒரே படம்தான்.

சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்து அனுப்பினேன். உடனே இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"இதுதான்" என்றாள். "வெள்ளக் கோடு. பொத்தல். இதேதான்."

"ஆமா."

"நிழல் உண்டா?"

"உண்டு" என்றேன். "பெரிய கல்லு. நீ சொன்ன மாதிரியே. நல்ல நிழல்."

அவள் திரும்பவும் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டூடியோ கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள்.

"செரி" என்றாள் கடைசியில், ரொம்ப மெதுவாக. "சட்டைக்க முன்பக்கம் எல்லாம் மண்ணா இருக்கும். தட்டிட்டு வண்டியில ஏறுங்க."

போனை வைத்துவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். நெஞ்சிலிருந்து வயிறுவரை மண். தட்டவில்லை, அப்படியே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.